இன்றைய நிலவரப்படி

பங்குனியில் போட்ட டிக்கெட்.
முப்பது கிலோ என்று அச்சடித்துக் கொடுத்தேன்,
என் கடை முத்திரையும் குத்தி.
முத்திரை தேவையில்லைதான்.
பாவூர்சத்திரத்தில் முத்திரை இல்லாத தாளை
யாரும் மடித்துச் சட்டைப்பையில் வைப்பதில்லை.

ஆனி பதினொன்று, இரவு ஒன்பதே முக்கால்.
ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டேன்,
அப்போதுதான் மின்னஞ்சல் வந்தது.
“உங்கள் பயணத்தை மேம்படுத்தியிருக்கிறோம்.”
நான்காம் பத்தியில், எறும்பு எழுத்தில்,
முப்பது இருபதாகியிருந்தது.

காலையில் முப்பிடாதி வந்தான்,
பெட்டியை மார்க்கெட்டில் நிறுத்துக்கொண்டு,
சின்ன வெங்காயம் போடுகிற தராசில்.
இருபத்தொன்பது எழுநூறு.
“முந்நூறு கிராம் மிச்சம் கெடக்குக்கா,
ரெண்டு சோப்புக்கட்டி வாங்கிப் போட்டுக்கிடட்டா?”

சொன்னேன்.
சத்தம் போடவில்லை.
“தாள்ல முப்பதுன்னுல்லா போட்டிருக்கு.”
போட்டிருந்தது.
இருவரும் குனிந்து பார்த்தோம்.
தாள் மட்டும் மாறவே இல்லை.

உதவி எண்ணுக்குப் போட்டேன்.
ஒன்றை அழுத்து, நான்கை அழுத்து,
நாற்பது நிமிடம் ஒரு புல்லாங்குழல்.
பிறகு ஒரு பெண். நல்ல பெண்தான்.
“விதிமுறைகள் மாறலாம் என்பதற்கு
நீங்கள் சம்மதித்திருக்கிறீர்கள் மேடம்.”
எப்போது?
“டிக்கெட் வாங்கும்போதே.”
உண்மை.
அந்தச் சின்னச் சதுரத்தில் டிக் அடித்தது என் விரல்.
நாளைக்கு இருபது பேருக்காக அடிக்கிறேன்.
முப்பிடாதிக்கு அடித்தபோது
எதிரே உட்கார்ந்து டீ ஆற்றிக்கொண்டிருந்தான்.

சாலைக்கு அந்தப் பக்கம் மண்டி.
மூட்டைக்கு இரண்டு கிலோ கழிவு பிடிப்பார்கள்.
அநியாயம்தான், ஆனால்
வண்டியிலிருந்து இறக்கும் முன்பே சொல்லிவிடுகிற அநியாயம்.
திட்டிக்கொண்டே இறக்கலாம்,
இல்லை, சுரண்டைக்கு ஓட்டிப் போகலாம்.
தட்டில் ஏற்றிய பிறகு படிக்கல்லை மாற்றினால்
அங்கே அதற்கு வேறு பெயர்.

கூடுதல் எடை, கிலோவுக்கு அறுநூற்றைம்பது.
பாதி நான் போடுகிறேன் என்றேன்.
“ஒங்களுக்கு எதுக்குக்கா தண்டம்”
என்று பெட்டியைத் தரையில் படுக்கவைத்துத் திறந்தான்.

பெயர் எழுதிய பொதிகள் எட்டு.
ஆவுடையானூர் செல்லப்பாவுக்கு நார்த்தங்காய்.
கீழப்பாவூர் ராயப்பனுக்கு மூட்டு மாத்திரை, நான்கு மாதத்துக்கு.
அறையில் சமைக்கிற யாரோ ஒருவருக்கு
இட்லித் தட்டு, துணி சுற்றி.
அதில் ஒன்றையும் அவன் தொடவில்லை.
“கொண்டாறேன்னு சொல்லிட்டேன்லா.”

தன்னுடையதை எடுத்து என் மேசையில் அடுக்கினான்.
அரிசி. கருப்பட்டி. புதுப் போர்வை.
பூமாரி திரித்த மிளகாய்ப்பொடி.
முறுக்கு டின்னை மட்டும்
அவள் திரும்ப உள்ளே செருகப் பார்த்தாள்,
அவன் வேண்டாமென்று தலையாட்டினான்.
அவள் என்னைப் பார்த்தாள்.
“நீங்க முப்பதுன்னு சொன்னதாலதான்
மூணு ஊருக்கு வண்டியெடுத்துப் போயி
எல்லார்ட்டயும் வாங்கிட்டு வந்தாவ.”

செங்கோட்டை பஸ் ஏறிப் போனான்.

கம்பெனிக்கு ஒரு பக்கம் எழுதினேன்.
“உங்கள் நம்பிக்கைக்கு நன்றி.”
அனுப்பிய நொடியே வந்த பதில்,
யாரும் எழுதியதாக இருக்க முடியாது.

தை கடைசியில் குவைத்திலிருந்து போன்.
“எக்கா, சித்திரைக்கு ஊருக்கு வரணும்,
போக்குவரத்து ரெண்டும் சேத்துப் போடுங்க. எத்தனை கிலோ?”
“முப்பது” என்றேன்.
நாக்கு நிற்கவில்லை, தானாகவே சொன்னது:
“இன்னைக்கு நெலவரப்படி.”

கொஞ்ச நேரம் கான்கிரீட் மிக்சர் உருளுகிற சத்தம்.
“சரிக்கா” என்றான்.
பிறகு,
இந்த ஒன்பது வருடத்தில் கேட்காத ஒன்றை
மரியாதையாகத்தான் கேட்டான்:
“அதக் கொஞ்சம் எழுதி அனுப்பிருதியளா?”

எழுதினேன்.
தேதி போட்டேன், மணி போட்டேன்,
முத்திரையை எடுத்தேன்.
மை காய்ந்திருந்தது.