ஷேடு கார்டில் இல்லாத மஞ்சள்

"ஒண்ணுக்கு ஆரஞ்சாப் போகும், பதறாதீங்க,
மருந்தோட சாயம் அது"
என்று முதல் நாளே சொல்லிவிட்டார் ஜெசிந்தா சிஸ்டர்.

பதறவில்லை.
பழங்காநத்தத்தில் பெயின்ட் கடையில்
பதினோரு வருஷமாகக் கலர் கலக்குகிறேன்.
சொட்டுக் கணக்கில் சாயம் விட்டு
டப்பாவை மெஷினில் குலுக்கக் கொடுக்கிற வேலை.
கோப்பையில் பார்த்த ஆரஞ்சு
எங்கள் கார்டில் எத்தனையாவது பக்கம்
என்றுகூடச் சொல்லியிருப்பேன்.

விடிந்ததும் வெறும் வயிற்றில் மூன்று,
செங்கல் நிறத்தில்.
இரண்டாம் வாரமே இருமல் இறங்கியது.
முதலாளியிடம் 'நாள்பட்ட சளி' என்று சொல்லியிருந்தேன்,
பொய்யென்றும் சொல்ல முடியாது.

ஐந்தாம் வாரம்
சோறு கொதிக்கும் வாசனை ஆகவில்லை.
நாகூர்மீரான் வாங்கி வந்த பருத்திப்பால்
இரண்டு வாயோடு ஆறிப்போனது.
ராத்திரி முழுக்க உள்ளங்கையைச்
சுவரில் தேய்த்தேன், சுண்ணாம்பு உதிர.
"சித்திரை வெயில், பித்தம்" என்றார்கள்.
பித்தம்தான்.
யாரும் தெரிந்து சொல்லவில்லை.

அன்றைக்கு ஒருவர் கேட்டுக் கதவுக்கு மஞ்சள் கேட்டார்.
வெள்ளை அட்டையில் தடவி
வெளிச்சத்துக்குக் கொண்டுபோனேன்.
அட்டையைப் பிடித்த நகமும்
அதே கட்டத்தில் இருந்தது.

கல்லாவுக்குப் பின்னால் கைக்கண்ணாடி.
வெள்ளையில் மட்டும் இருபத்தாறு தெரியும் எனக்கு,
கண்ணில் இருந்தது
அதில் எதுவும் இல்லை.
கோப்பையிலும் ஆரஞ்சு மாறியிருந்தது,
யாரோ மேலே மூன்று சொட்டுப் பழுப்பு விட்டதுபோல.

மாடி வீட்டு அக்கா
மோரில் கீழாநெல்லி அரைத்துக்கொண்டு வந்தார்.
டம்ளரை ஓரமாக வைத்துவிட்டு
சிஸ்டருக்குப் போன் போட்டேன்.
ஒரு நாள் தப்பினாலும் திட்டுகிறவர்
"மாத்திரைய நிறுத்துங்க, இன்னைக்கே" என்றார்.

அப்போதுதான் பயந்தேன்.

தோப்பூர் போகிற பஸ்ஸில் ஜன்னலோரம்.
குடிப்பீங்களா என்று கேட்டார் டாக்டர்.
இல்லை என்றேன்.
எழுதிக்கொண்டே இன்னொரு தடவை கேட்டார்.
ரத்தம் எடுத்து ரிசல்ட் வந்ததும் மறுபடியும்.
"தண்ணி குடிப்பேன் சார், கார்ப்பரேஷன் தண்ணி."
நர்ஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்.

நாற்பதுக்குள் இருக்க வேண்டியது
அறுநூற்றுப் பன்னிரண்டு.

படுத்துக் கிடந்தால் வேறென்ன வேலை,
வார்த்தையைத்தான் பிரித்துப் பார்த்தேன்.
நுரையீரல். கல்லீரல்.
நுரைக்கு ஒரு நோய் வந்தது,
அதற்குக் கொடுத்த மருந்தைக்
கல் சுமந்தது.
கல்லென்று பெயர் வைத்ததால்
யாரும் அதைக் கேட்கவில்லை போல.

மருந்தில்லாத நாட்கள்தான் நீளம்.
உள்ளே அந்தக் கிருமி
இந்த விடுமுறையில் என்ன செய்கிறதோ என்று
மூச்சை மெதுவாக விட்டேன்.

பக்கத்துக் கட்டில் ஒச்சம்மாள், உசிலம்பட்டி.
"ஒனக்கு எம்புட்டு?"
"முந்நூத்தி நாப்பது."
"குறைய வாங்குனாத்தான் இங்க பாஸு" என்றாள்.
நூற்றுப் பதினெட்டு.
எழுபத்தொன்று.
என் மார்க் இறங்க இறங்க
அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள்.
நானும் அவளுடையதைக் கேட்கவில்லை.

மறுபடி ஒவ்வொன்றாகக் கொடுத்தார்கள்.
மூன்று நாள் ஒன்று, ரத்தம்,
மூன்று நாள் இன்னொன்று, ரத்தம்.
திருடனைப் பிடிக்க வரிசையில் நிறுத்துவதுபோல.
வெள்ளையாய்ப் பெரிதாய் இருந்ததை மட்டும்
திரும்ப அழைக்கவேயில்லை.
அதற்குப் பதில் ஒன்பது மாதம் என்றார்கள், சரி என்றேன்.

அந்த வரிசையில் முதலில் வந்தது
சிவப்புக் கேப்சூல்தான்.
போட்ட அன்று மத்தியானம்
வார்டு கழிவறையிலிருந்து வந்து
ஈரக் கையோடு போன் போட்டேன்.

"ஆரஞ்சு வந்திருச்சு சிஸ்டர்."

"எந்த ஆரஞ்சும்மா?"

"பழையது."