பத்துப் பொருத்தம்

காட்சி நாற்பத்தொன்று. மர அறுவை ஆலை. இரவு.
மணியோ பகல் இரண்டு.
ஜன்னலுக்கெல்லாம் கறுப்புத் துணி.

வில்லன் கட்டிப்போட்ட பெண்
பைன் தடிமேல் கிடக்கிறாள்,
முதுகுக்கடியில் யோகா விரிப்பு.
வட்ட ரம்பம் அலுமினியம்,
வெண்ணெயைக்கூட வெட்டாது.
அதன் அலறலைப் பிறகு ஹெல்சிங்கியில் சேர்ப்பார்கள்.

நாயகன் விசையை இழுத்து நிறுத்த வேண்டும்.
பியானோ வாசிக்கிற கை அவனுக்கு.
குளோசப்புக்கு ஆகாது என்றார் இயக்குநர் பிர்க்கோ.
முப்பத்தோராண்டு இங்கே மரம் அறுத்த
வெய்யோவைக் கூப்பிட்டார்கள்.
பிசின் ஏறிய வலது கை.
மூன்றே விரல்.

இரண்டு குறைகிறது என்றேன்.
ஷாட்டுக்கு ஷாட் பொருத்தம் பார்ப்பதுதான்
எனக்குச் சம்பளம்.
ஹில்லா சிலிகானில் இரண்டு வார்த்து ஒட்டினாள்,
நகக்கண்ணில் அழுக்கும் வைத்து.

ஏழாவது டேக் ஓகே.
பெண் பிழைத்தாள்,
கயிற்றை உதறிவிட்டுப் போனைத் தேடினாள்.

வெய்யோ மட்டும் விசையருகிலேயே நின்றார்.
"இது எப்போது வைத்தது?"
"நேற்று," என்றான் கலை உதவியாளன் யூஸ்ஸி,
"அட்டைதான், பெயின்ட் காயவில்லை."
"நேற்றா,"
என்று அங்கிருந்து ரம்பம் வரை
காலடியால் அளந்தார். இரண்டு எட்டு.
"சரியான இடம்."

யூஸ்ஸி சிரித்தான், பாராட்டு என்று நினைத்து.
நான் என் தாளில் நேரம் குறித்தேன்.

ஹில்லா பெட்டியோடு வந்து விரல்களைக் கேட்டாள்.
காபி குடித்துவிட்டுத் தருகிறேன் என்றார்.
மூன்றாவது கோப்பை ஆறிக்கொண்டிருக்கிறது.