திருத்தம்

புதுவயலில் விடிந்ததும்
நாங்கள் முதலில் செய்வது
செய்தியைத் துடைப்பது.
ரைஸ்மில் புகைபோக்கி இரவெல்லாம் உதிர்த்த உமிச்சாம்பல்
கோழிவலைக்குள் நுழைந்து
சுவர்ப் பத்திரிகையில் உட்கார்ந்திருக்கும்,
வேண்டாத எழுத்துக்கெல்லாம் புள்ளி வைத்தபடி.

சார்ட் பேப்பர் நான்கு. பூட்டு ஒன்று.
சாவி பி.டி. சாரிடம்.
ஓவியம் ஜன்னத். ஆசிரியர் நான்,
பதினொன்றாம் வகுப்பு, ஆ பிரிவு.
பசைக்கு ஆளுக்கு இரண்டு ரூபாய்.

மூன்றாவது இதழில்தான் அது வந்தது:
'பதினாறு குழாய்களில் பதினொன்றில் தண்ணீர் இல்லை.
பொங்கலுக்குள் சரியாகும் என்றார் மாணவர் தலைவி.
பொங்கல் முடிந்து பத்தொன்பது நாள்.'

மாணவர் தலைவி உமையாள்.
கோட்டையூரில் பஸ் ஏறி
கண்டனூரில் ஏறும் எனக்கு இடம் போட்டு வைப்பவள்.
மறுநாள் அந்த இடத்தில்
அவள் பை உட்கார்ந்திருந்தது.
எடுக்கவில்லை.
கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே வந்தேன்.

ஒன்றைச் செய்தியில் நான் எழுதவில்லை.
தேர்தலில் அவளுக்குப் பேச்சு எழுதிக் கொடுத்தது நான்.
'முடிஞ்சா சரி பண்ணுவோம்' என்றுதான் அவள் சொன்னாள்.
அதில் ஓசை இல்லை என்று அடித்துவிட்டு
'பொங்கலுக்குள்' என்று போட்டது
என் பேனா.
கைதட்டல் அந்தச் சொல்லுக்குத்தான் விழுந்தது.

'எண்ணிப் பாத்தியா, கேட்டு எழுதுனியா?'
வராந்தாவில் வைத்துக் கேட்டாள்.
கேட்டுத்தான் எழுதியிருந்தேன்.

சாப்பாட்டு மணிக்கு இருவரும் போய் எண்ணினோம்.
கையில் சாம்பார் வாசனை.
எண்களைத் தவிர எதுவும் பேசவில்லை.
ஒவ்வொன்றாகத் திருகினோம்:
சில இருமின, சில ஊதின,
ஒன்றிலிருந்து எறும்பு வந்தது.
சைக்கிள் ஸ்டாண்டுப் பக்கம்
துணி சுற்றிய ஒரு குழாய்.
'வருது.'
'சொட்டுது.'
'சொட்டுனா வரலையா?'
'குடிச்சுக் காட்டு.'
உள்ளங்கையைக் குழித்து நீட்டினாள்.
மணி அடிக்கும்வரை நீட்டியிருந்தாள்.
ரேகை நனையும் அளவுக்குச் சேர்ந்தது.
என்னைப் பார்த்துக்கொண்டே குடித்தாள்.

சொட்டுவதை வருவதில் சேர்த்தால்
காய்ந்தவை ஒன்பது.

தாளைக் கழற்றச் சொன்னார் தலைமையாசிரியை.
எண்ணே தப்பாமே, பிறகென்ன செய்தி?
'கழட்டுனா தப்பு மட்டுந்தான் போகும் டீச்சர்,
குழாய் அப்படியேதான் இருக்கும்'
என்றது நானில்லை, உமையாள்.
வாக்கியம் நன்றாக இருந்தது.
யாரும் எழுதிக் கொடுக்காதது.

திருத்தத்துக்கு இடம் வேண்டுமே.
ஒன்பதாம் வகுப்பு வைரவன்
மில் சங்கைப் பற்றி எழுதிய கவிதையில்
கடைசி நான்கு வரிகளை வெட்டினேன்.
சண்டைக்கு வரவில்லை அவன்.
'அதுதான்க்கா கவிதை.
மேல இருக்கறதெல்லாம் அதுக்கு வந்த வழி' என்றான்.
அதற்கு ஒரு திருத்தம் போட
எனக்கு இன்னும் இடம் கிடைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை ஒட்டினோம்:
'பதினொன்று என்று எழுதியது தவறு. ஒன்பது.
ஆறில் நன்றாக வருகிறது. ஒன்றில் சொட்டுகிறது.
பொங்கலுக்குள் என்ற சொல் தலைவியுடையது அல்ல,
இந்த இதழின் ஆசிரியருடையது.'

செய்தியைப் பார்க்காமல் போனவர்கள்
திருத்தத்தின் முன்னால் கூட்டமாக நின்றார்கள்.
என்ன தப்பு, யார் தப்பு என்று
வலையில் மூக்கு பதிய வாசித்தார்கள்.
வாட்ச்மேன் சேவுகன்கூட
கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இரண்டு முறை.

திங்கட்கிழமை பஸ்ஸில் பை இல்லை,
இடம் இருந்தது.
உட்கார்ந்தேன். அவள் ஜன்னல் பக்கமே பார்த்து வந்தாள்.

பள்ளியில் இறங்கி, சாம்பலைத் துடைக்கும்போது கண்டேன்:
வலை ஓட்டை வழியாகப் பென்சிலை நுழைத்து
ஆறாம் வகுப்புக் கையெழுத்தில், கோணல்மாணலாக,
யாரோ எழுதியிருந்தார்கள்:

'பத்து.
கிரவுண்டுல இருக்கறத நீங்க எண்ணவே இல்ல.'

உமையாளைக் கூப்பிட்டேன்.