நடுத்துண்டு

எழுபத்தொன்பதில் ஊரே முணுமுணுத்த அந்தப் பாட்டை
எல்லோருக்கும் முன்னால் கேட்டவள் நான்.
முழுசாகக் கேட்காதவளும் நான்தான்.

ரீகா நகரத்து இசைத்தட்டு ஆலையில்
காதுதான் எனக்கு உத்தியோகம்.
நூறு தட்டுக்கு ஒன்று என் மேசைக்கு வரும்,
அச்சின் சூடு ஆறாமல்.
விளிம்பைப் பிடித்து வைப்பேன். ஊசி இறங்கும்.
இருபது நொடி.
பாட்டைக் கேட்காதே வெல்தா, என்பார் மேற்பார்வையாளர் இமாந்த்ஸ்,
பாட்டுக்கு அடியில் என்ன இருக்கிறதென்று கேள்.

அடியில் தூசி இருந்தது.
யாருடைய தலைமுடியோ இருந்தது.
ஒருமுறை, சத்தியமாகச் சொல்கிறேன்,
ஒரு கொசுவின் கால்.

அக்கார்டியன் மூன்று தரம் மூச்சிழுக்கும்.
படகுக்காரா, என்று ஒருத்தி தொடங்குவாள்.
அவ்வளவுதான். ஊசியைத் தூக்கிவிடுவேன்.
எதற்குக் கூப்பிட்டாள்?
அக்கரைக்குப் போகவா, அங்கிருந்து யாரையாவது கூட்டிவரவா?
ஷிப்ட் முடிவதற்குள் நாற்பது முறை கூப்பிட்டிருப்பாள்.
நாற்பது முறையும் வாயைப் பொத்தியவள் நான்.

அந்தக் கோடையில் அது இல்லாத இடமில்லை.
கல்யாணத்தில், கடற்கரை ரயிலில்,
பல் பிடுங்கக் காத்திருக்கும் நாற்காலிகளுக்கு மேலே.
தொடங்கியதுமே என் காது எண்ண ஆரம்பித்துவிடும்.
இருபத்தொன்றில் எழுந்துவிடுவேன்,
அடுப்பைப் பார்க்க, ஜன்னலைச் சாத்த.
என் கணவர், அப்போது கணவர்,
அந்தப் பாட்டுக்கு வேறொருத்தியோடு ஆடினாராம்.
ஊர் சொல்லித்தான் தெரியும்.
எந்த வரிக்கு என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை.

ஆலை மூடியது. ரூபிள் போய் லாட் வந்தது,
அதுவும் போனது.
போன வியாழக்கிழமை மத்தியச் சந்தையில்
புகை போட்ட விலாங்குக்காக வரிசையில் நிற்கிறேன்.
அந்த நாள் வெற்றிப் பாடல்கள், என்றது மீன்காரனின் ரேடியோ.
மூன்று மூச்சு.
படகுக்காரா.
என்னைக் கேட்காமலே என் வாய் பாடியது.
இருபதில், பிரேக் போட்டதுபோல் நின்றது.

பின்னால் ஒரு சிரிப்பு.
திரும்பினால் பிரூத்தா!
எதிர்ச்சுவர் மேசைக்காரி.
அவளுக்குக் கடைசி இருபது நொடி:
ஊசி உள்வட்டத்துக்கு ஒழுங்காகப் போய்ச் சேர்கிறதா என்று.
பதினோரு வருஷம் ஒரே அறை, காதில் ஹெட்போன்.
உப்பு இருக்கா, மழை விட்டதா,
அதைத் தாண்டி நாங்கள் பேசியதில்லை.

பொறு, என்றாள். என் முறை வரும்.

இரண்டு பேரும் வாய்மூடி நின்றோம்.
இடையில் இருந்ததைப் பாடியது மீன்காரப் பையன்,
பாட்டு வந்தபோது பிறக்காதவன்,
கத்தியைத் தீட்டிக்கொண்டே,
ஒரு சொல் பிசகாமல்.
அதில் பெரிதாக ஒன்றுமில்லை, தெரியுமா?
கரையில் அவள் செருப்பைக் கழற்றுகிறாள்.
வீட்டைப் பூட்டினோமா என்று சந்தேகம் வருகிறது.
திரும்பிப் போகிறாள். பூட்டித்தான் இருக்கிறது.
இருந்தாலும் திறந்து உள்ளே போகிறாள்.
அவ்வளவு.
இதற்காகவா எழுந்து எழுந்து ஜன்னலைச் சாத்தினேன்!

அப்புறம் பிரூத்தா.
படகு அக்கரையில், விளக்கு இக்கரையில்,
திரும்பத் திரும்ப அதே வரி,
ஒவ்வொரு முறையும் ஒரு படி தணிந்து,
தட்டில் தேய்வதுபோலவே குரலைத் தேய்த்தாள்.
ரேடியோக்காரன் விளம்பரத்துக்குப் போய்விட்டான்.
அவள் நிறுத்தவில்லை.
பாட்டு தீர்ந்தபின் ஊசி வெறும் வட்டத்தில் சுற்றுமே,
டுக்... டுக்... டுக்...
அதையும் செய்தாள்.
பழக்கம் விடவில்லை, அதன் அடியில் கேட்டுப் பார்த்தேன்.
கொஞ்சம் இரைப்பு. தூசி இல்லை.

வரிசை முனகியது.
தலைப்பக்கமா, வால்பக்கமா, என்றான் பையன்.
நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

நடுத்துண்டு போடு, என்றேன்.