ஏழாவது கேள்வி

"மதச்சார்பின்மை என்றால் என்ன?
பத்து வரிகளுக்கு மிகாமல் விளக்குக."
மொந்தேவீதியோ. நவம்பர்.
தேர்வு அறையில் மின்விசிறி ஓடவில்லை.

முதலில் பாடப்புத்தகத்தையே எழுதினேன்:
அரசுக்கு மதமில்லை.
பிறகு அடித்துவிட்டேன்.
விடை சரிதான், விளக்கம்தான் இல்லை.

எங்கள் நாட்டு நாட்காட்டியில்
டிசம்பர் இருபத்தைந்துக்குக் குடும்ப நாள் என்று பெயர்.
ஈஸ்டருக்கு முந்தைய வாரம் சுற்றுலா வாரம்.
எதிர்வீட்டு ஜெய்மொனாத் குடும்பம்
அந்த வாரம் எங்கும் சுற்றுவதில்லை,
தினமும் கோயிலுக்குப் போகிறது.
நாட்காட்டி கோபித்துக்கொள்வதில்லை.

இனி என் வீடு.
வெள்ளிக்கிழமை இரவுகளில் அம்மா
வெள்ளைப் பாவாடை உடுத்தி
கடல்தாய் இயெமஞ்சாவுக்கு முரசு கொட்டுவாள்.
மார்ச்சில் ஒருநாள் கதவைத் தட்டினார்கள்.
போலீஸ்காரர் பெத்தன்கோர்.
சட்டைக்கு வெளியே நழுவியிருந்தது
அவர் கழுத்துச் சிலுவை.
முரசு நின்றது. அம்மாவுக்கு மூச்சும்.

"மணி என்ன தெரியுமா?" என்றார்.
பதினொன்றே கால்.
"பத்துக்கு மேல் சத்தம் கூடாது, அம்மணி."
எழுதிக்கொண்டு போனார்.
எந்தச் சாமி என்று கேட்கவில்லை.
கேட்டாலும் எழுத
அந்தத் தாளில் கட்டம் இல்லை.

அடுத்த வாரம்
மூலைவீட்டு ஜெபக்கூட்டத்தின் ஒலிபெருக்கிக்கும்
அதே பெத்தன்கோர், அதே தாள்,
அதே பத்து மணி.
நான் சொல்ல வந்தது இதைத்தான்.

(வரிகளை எண்ணினேன்.
பத்து எப்போதோ தாண்டிவிட்டது.)

ஆனால் ஒன்று உறுத்துகிறது.
என் நீல மணிமாலையை
பள்ளி வாசலில் சட்டைக்குள் தள்ளிக்கொள்கிறேன்.
சட்டம் சொல்லவில்லை. ஆசிரியர் யாரும் சொல்லவில்லை.
ஒருமுறை ஃபெர்மின் "சூனியக்காரி" என்றான்,
வகுப்பே சிரித்தது.
சிரிக்காதவள் அராக்சி ஒருத்திதான்.
கடவுளே கிடையாது என்று
தினமும் என்னோடு சண்டை போடுகிறவள்.

இதற்கு பெத்தன்கோரைக் கூப்பிட முடியாது.
சிரிப்புக்குப் பத்து மணிக் கணக்கு இல்லை.
அவர் வாசல்வரை வருவார்.
அதற்கு உள்ளே யார் பொறுப்பு?
புத்தகத்தில் தேடினேன். அந்த அத்தியாயத்தில்
ஒரு பெரிய வெள்ளைப் புறாப் படம் இருக்கிறது.

மணி அடித்துவிட்டது.
வியர்வையில் ஒட்டிக் கடித்த மாலையை
வெளியே இழுத்துப் போட்டுக்கொண்டு
தாளை நீட்டினேன்.
மேற்பார்வையாளர் மாலையைப் பார்த்தார்,
தாளைப் பார்த்தார்,
மேல் மூலையில் விரலால் தட்டினார்:
"பெயர் எழுதவில்லையே நீ."