பன்னிரண்டு மணி வரை

ஜூலை ஒன்று.
காலையில் எங்களுக்குத் துக்கம்,
மதியத்திலிருந்து கொண்டாட்டம்.
நியூஃபவுண்ட்லாந்தில் பிறந்தவர்களுக்கு
இதில் விசித்திரம் எதுவும் தெரியாது.
பன்னிரண்டு வரை கொடி அரைக்கம்பத்தில்.
பன்னிரண்டானதும் அதை உச்சிக்கு ஏற்றுவது என் வேலை.
ஊர் மன்றம் ஒன்றரை மணி நேரக் கூலி தருகிறது.

நேற்றே கப்பிக்கு எண்ணெய் விட்டுவிட்டேன்.
போன வருடம் பாதியில் அது கீச்சிட்டபோது
பாதிரியார் என்னைத்தான் முறைத்தார்.

மூடுபனி.
கல் தெரிகிறது, கடல் தெரியவில்லை.
கல்லில் பத்தொன்பது பெயர்,
அதில் ஏழு பேர் வோக்கி வீட்டார்.
கல்லிலும் அவர்கள் ஒட்டிக்கொண்டுதான் நிற்கிறார்கள்,
படகேறக் காத்திருப்பவர்களைப் போல.

ஆறாவது வரியில் ஈலம் ஃபுட்.
அவன் பெயரில் ஓர் எழுத்து குறைகிறது.
செதுக்கியவனுக்கு ஓரத்தில் இடம் போதவில்லை,
அல்லது இருட்டிவிட்டது,
அல்லது எழுத்துக்கு இவ்வளவு என்று கூலி பேசியிருந்தார்கள்.
எழுதினால் உண்டு, வாசித்தால் இல்லை,
அப்படிப்பட்ட ஊமை எழுத்துதான்.
ஆனாலும் அவன் அண்ணன் வழிப் பேத்தி யூனா
வருடா வருடம் சாக்குக்கட்டியோடு வந்து
அதை எழுதிவிட்டுப் போகிறாள்.
மதியத்துக்குள் பனி தின்றுவிடும்.

தலையெழுத்து அவனை பிரான்ஸ் வரை கூட்டிப்போனது.
கடைசி எழுத்து
இந்தக் கல் வரைக்கும்கூட வரவில்லை.

பதினொரு மணி.
தீயணைப்பு நிலையத்து லியாண்டர் கொம்பை ஊதினான்.
மூன்றாவது சுரம் வழக்கம்போல் வழுக்கியது.
இரண்டு நிமிட மௌனம்.
கடற்காகங்களுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

அப்போதுதான் பனிக்குள்ளிருந்து ஒரு இஞ்சின் சத்தம்.
ரெக்ஸ் பெலியின் படகு,
தலைக்கு மேல் அடுக்கிய நண்டுக்கூண்டுகளோடு.
எங்களைப் பார்த்தான்,
இஞ்சினை நிறுத்தினான்,
தொப்பியைக் கழற்றினான்.

நீரோட்டம் தொப்பி கழற்றவில்லை.
படகைப் பக்கவாட்டில், அவசரமே இல்லாமல்,
பாறைகளின் பக்கம் நகர்த்திக்கொண்டு போனது.

நாற்பது பேர் பார்க்கிறோம்.
ஒருவரும் வாய் திறக்கவில்லை.
அவன் மனைவி மிரியம்
மேல்கோட்டுப் பித்தானைத் திருகிக்கொண்டே இருந்தாள்,
அது கையோடு வந்துவிட்டது.
ரெக்ஸ் தலை குனிந்து நிற்கிறான்,
எண்ணுகிறான் போல.
முப்பது அடி. இருபது.

அன்றும் இப்படித்தான் நின்றிருப்பார்களா?
விசில் ஊதியது, ஏறிப் போனார்கள்.
முதல் வரிசை மடிந்ததைப் பின்வரிசை பார்த்தது,
பின்வரிசையைத் தூரத்து மேசையில் யாரோ
கடிகாரத்தோடு பார்த்தார்கள்.
போதும் என்று ஒரு வாய், ஒரே ஒரு வாய்...
மரியாதை என்பது
எவ்வளவு நேரம் வாயை மூடிக்கொண்டிருப்பது?

"ரெக்ஸ், மடையா, இஞ்சினைப் போடுடா!"

யூனா.
கையில் சாக்குக்கட்டி,
முழங்கால் வரை தண்ணீர்.
ஒரு நிமிடம் நாற்பது வினாடியில்
ஊரின் மௌனம் உடைந்தது.
அதன் பிறகு நாற்பது பேரும் கத்தினோம்,
பாதிரியார்தான் எல்லோரையும் விட உரக்க.
முதல் இழுப்பில் இருமியது.
இரண்டாவதில் எதுவுமில்லை.
மூன்றாவதில் பிடித்துக்கொண்டது.
குழம்பிப்போன லியாண்டர்
எழுப்பும் கொம்பை நேரத்துக்கு முன்பே ஊதிவிட்டான்.
இந்த முறை ஒரு சுரமும் வழுக்கவில்லை.

கல்லில் இருந்தவர்கள் ஒன்றும் சொல்லவில்லை.
ஈலமின் எழுத்து பாதியில் நின்றிருந்தது,
ஒரு வளைவு மட்டும், மூடாமல்.
யூனா திரும்பி வந்து பார்த்தாள்.
சாக்குக்கட்டி ஈரத்தில் குழைந்துவிட்டது.
"இருக்கட்டும்" என்றாள்,
காலணியைக் கழற்றித் தண்ணீரைக் கொட்டினாள்.

பன்னிரண்டு.
கூடத்தில் கேக்கைத் திறந்துவிட்டார்கள்.
கன்னத்தில் சிவப்பு இலை வரைந்த பிள்ளைகள்
சட்டையில் குத்திய நீலப்பூவோடேயே ஓடுகிறார்கள்.
கயிற்றை இழுத்தேன்.
கப்பி சத்தம் போடவில்லை.
கொடி பனிக்குள் நுழைந்தது, பிறகு காணோம்.

"ஏறிவிட்டதா?" என்று கீழிருந்து கேட்டார்கள்.
கயிறு இறுகியிருந்தது.
ஏறிவிட்டது என்றுதான் சொன்னேன்.