நான்கு புள்ளி எட்டு

சர்க்கரை இல்லை என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டுத்தான்
மன்சூராவுக்கு பஸ் ஏறினாய், வஹ்தான்.
வெறும் வயிற்றில் நூற்றெட்டு.
கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான்.
ஆனால் இன்சுலின் பதினெட்டு.
டாக்டர் நெர்மீன் இரண்டையும் பெருக்கி
நானூற்றைந்தால் வகுத்து
சீட்டின் ஓரத்தில் எழுதினார்:
நான்கு புள்ளி எட்டு.
இரண்டுக்குக் கீழே இருந்தால் நல்லது என்றார்.

"அழுத்தம் ஏறுது, தண்ணி ஏறலை."
பம்ப்பு பழுதுபார்க்கிறவன், உடனே பிடித்துக்கொண்டாய்.
கணையம் இறைத்துக்கொண்டே இருக்கிறது,
ஈரல் வாங்கிக்கொள்ளவில்லை.
எங்கோ அடைப்பு.
"அடைப்பு இல்லை, செவிடு" என்றார் அவர்.
இன்சுலின் சொல்வது விழாத காதில்
இன்டர்ஃபெரான் ஊதுவதும்
சங்காகத்தான் போகலாம்.
போடுவோம், பார்ப்போம்.

அறுபத்தொன்பதில், பள்ளி முற்றத்தில்,
கால்வாயில் குளித்துச் சிறுநீரில் ரத்தம் போன
பிள்ளைகள் எல்லாம் வரிசையில்.
ஒரே கண்ணாடி ஊசி.
உனக்கு முன்னால் ஷஹாத்தா.
அவன் கை விலகியதும் உன் கை.
நத்தை தந்த நோய்க்கு மருந்து ஏறியது.
கூடவே இன்னொன்றும் ஏறி
நாற்பது வருஷம் வாய் திறக்காமல் இருந்தது.
ஷஹாத்தா ரத்தம் கக்கிச் செத்தபோதுதான்
உன் கையை நீ திருப்பிப் பார்த்தாய்.
யாரைத் திட்டுவது?
குணப்படுத்தத்தானே வந்தார்கள்.

வியாழன்தோறும் உன் வயிற்றில் நான் குத்தினேன்.
உறையை உன் கண்முன்னே கிழிக்க வேண்டும் உனக்கு.
வெள்ளி முழுக்க நடுக்கம்,
ஜூன் மாதத்தில் மூன்று போர்வை.
உன் தம்பிக்கு விற்ற நிலம்
வாரம் ஒரு துண்டாய்
அந்தச் சின்ன ஊசிக்குள் போனது.

நடக்கச் சொன்னார் டாக்டர்.
வேலையில்லாமல் கால்வாய்க் கரையில் நடக்க
வெட்கம் உனக்கு,
ஸ்பேனர் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டாய்.
"எங்கே பம்ப்பு நின்னுபோச்சு?" என்று கேட்டவர்களுக்கு
தூரத்தைக் காட்டினாய்.
வீட்டுத் தேநீரில் ஐந்து கரண்டி இரண்டானது.
ஸப்ரியின் கடையில் ஐந்து ஐந்தாகவே இருந்தது.
ஜன்னல் வழியே எனக்குக் கேட்கும்
கண்ணாடிக் கோப்பையில் கரண்டி சுற்றும் சத்தம்,
சர்க்கரை கரைய எடுக்கும் அத்தனை நேரம்.

பன்னிரண்டாம் வாரம்.
எட்டு லட்சம் எட்டாயிரமாக இறங்கியிருக்க வேண்டும்.
ஐந்து லட்சத்தில் நின்றது.
நிறுத்திவிடலாம் என்றார்.
"என் தேநீராலா?" என்று கேட்டாய்.
இருக்கலாம். வைரஸின் ரகமாக இருக்கலாம்,
வயதாக, ஈரலின் தழும்பாக.
ஒன்றைச் சுட்டிக் காட்ட முடியாது என்றார்.
நீ என்னைப் பார்த்தாய்.
ஸப்ரியின் கடையைப் பற்றி
நான் எதுவும் சொல்லவில்லை.

எட்டு வருஷம் கழித்து மாத்திரை வந்தது.
பன்னிரண்டு வாரம், ஒருநாளும் நடுக்கமில்லை.
செவிட்டு ஈரலிடம் அது ஒன்றும் கேட்கவில்லை;
நேரே வைரஸின் கழுத்தைப் பிடித்தது.
அதே பள்ளி முற்றத்தில் மறுபடி வரிசை,
பரிசோதனைக்கு,
ஆளுக்கொரு புது ஊசி.
உன் சீட்டில் 'காணவில்லை' என்று வந்தது.
தொலைந்துபோன பிள்ளையைத் தேடுகிறவர்கள்
எழுதும் சொல்லல்லவா அது?
சிரித்துக்கொண்டே அழுதோம்.

வைரஸ் போய்விட்டது, அந்த எண்ணைத் தனியாகப் பாருங்கள்
என்றார் டாக்டர் நெர்மீன்.
தலைமுடி நரைத்திருந்தது அவருக்கும்.

நேற்றுச் சாயங்காலமும் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு
கரையோரம் கிளம்பினாய்.
இந்த வாரம்
ஊரில் எந்தப் பம்ப்பும் பழுதில்லை.